கார்ஸ்டன் திரும்பிப் பார்க்கவில்லை

முதலில் ஓர் உரசல், பிறகு ‘டக்’. கண்ணாடித் துண்டை மரச்சட்டத்துக்குள் தள்ளுகிற சத்தம். சினிமாக் கொட்டகை மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். மெஷின் அறை எங்கள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழை பெய்கிற சத்தம் எனக்கு இப்போது ஒரு காதில்தான் விழுகிறது. அந்த ‘டக்’ மட்டும் இரண்டு காதிலும் விழுகிறது.

உட்காருங்கள், ஷிஃபானா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஜன்னலைச் சாத்தியிருப்பது புழுக்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டம்மாள் துணி உலர்த்துகிற சாக்கில் ஜன்னலுக்கு அடியில் நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன், காய்ந்த துணியைத்தான் உலர்த்துகிறாள். போனைக் கவிழ்த்து வையுங்கள். மேலே பூத்துண்டு போட்டு மூடியிருக்கிறதே, அது கேமரா. கோயம்புத்தூரிலிருந்து என் மகன் மாட்டிவிட்டுப் போனான். ‘நீ விழுந்துட்டா தெரியணும்லம்மா’ என்றான். விழாமல் இருந்தாலும் தெரியுமே, அதைச் சொல்லவில்லை அவன்.

நான் உங்களை ‘நீங்கள்’ என்று சொல்வது மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் தீரும்வரை எல்லோரையும் அப்படித்தான் சொல்வேன்.

கேட்டதற்கு வருகிறேன். சனிக்கிழமை உங்கள் திரைப்படக் கழகத்தில் ‘பனிநகரில் கார்ஸ்டன்’ போடுகிறீர்கள். படம் முடிந்ததும் நான் எழுந்து நின்று கொஞ்ச நேரம் ரசித்துப் பேசவேண்டும். அதற்காகப் போன வாரம் ஒரு பென் டிரைவில் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பார்த்தேன். மறுநாள் இன்னொரு தடவையும் பார்த்தேன். பேசுகிறேனா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். இந்தப் பிரதியை உங்களுக்கு யார் கொடுத்தது?

இன்டர்நெட்டில் எடுத்தீர்களா? அப்படியென்றால் யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். யாருமே கொடுக்காத ஒன்றை நான் எப்படி நம்புவது? சொல்கிறேன், இந்தப் பிரதியில் ஒரு காட்சி கூடுதலாக இருக்கிறது. நான் பார்த்த படத்தில் அது கிடையாது. யாரோ உள்ளே செருகியிருக்கிறார்கள். எந்தக் காட்சி என்று இப்போது சொல்லமாட்டேன். முதலில் படத்தைச் சொல்கிறேன், அப்போதுதான் செருகல் எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

கார்ஸ்டன் என்கிற உளவாளியை வைத்து மொத்தம் எத்தனை படங்கள் வந்தன என்று எனக்குத் தெரியாது. இப்போதும் வருகிறதாம். நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மேல்கோட்டு மட்டும் அதே கோட்டு. பிற்பாடு வந்த படங்களில் கார்ஸ்டன் ஆகாயத்தில் தொங்கினான், கடலுக்குள் சண்டை போட்டான், போன ஊரில் எல்லாம் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தான். அவை தீபாவளிப் படங்கள். இது மூன்றாவதோ நான்காவதோ. இதில் அவன் ஒரே ஒரு தடவைதான் சுடுகிறான், அதுவும் ஒரு தெருவிளக்கை. மற்ற நேரமெல்லாம் நடக்கிறான். பனிமேல் அவன் நடக்கிற சத்தத்தைக் கேட்டீர்களா? உள்ளங்கைக்குள் அப்பளத்தை வைத்து மெதுவாக, யாருக்கும் தெரியாமல் நொறுக்குவது போல. அந்த ஒரு சத்தத்துக்காகவே நான் அந்தப் படத்தை இத்தனை வருஷம் மறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பனியைப் பார்த்தவர்கள் இல்லையே. திரை வெள்ளையானதும் கீழே பெஞ்சிலிருந்து ஒருத்தன், ‘ஏலே, தூத்துக்குடி உப்பளத்துல எடுத்திருக்காம்லே!’ என்று கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. கார்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை.

படம் எப்படி ஆரம்பிக்கிறது? அவனை வேலையைவிட்டு நீக்குகிறார்கள். எல்லோருக்கும் முன்னால், நீண்ட மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்து, சட்டையிலிருக்கிற பட்டையைப் பிடுங்கி வெளியே அனுப்புகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். பாவம் என்று நினைக்கிறோம். அடுத்த காட்சியில்தான் தெரிகிறது, அது நாடகம். எதிரி நம்பவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரட்டப்பட்டவர்கள் எல்லோரும் விரட்டப்பட்டவர்கள் இல்லை.

அப்புறம் அந்த ரயில் நிலையம். படத்தின் உயிரே அதுதான். புறாக்கள், நீராவி, கம்பளிக் குல்லாய் போட்ட கூட்டம். கார்ஸ்டன் பொய்ப்பெயரில் ரயிலேறப் போகிறான். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் அவன் உண்மையான பெயரைச் சொல்லி அழைக்கிறது. ஹென்றி கார்ஸ்டன், விசாரணை அறைக்கு வரவும். இசை நின்றுபோகிறது. ஒரு புறா மட்டும் இறக்கையை அடித்துக்கொள்கிறது. அவன் என்ன செய்கிறான்? குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிகிறான். முடிந்துவிட்டு, நேரே நடந்து ரயிலேறிவிடுகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயரைக் கேட்டும் கழுத்து அசையவில்லை. அந்தக் கழுத்தைப் பற்றியே நான் உங்கள் கூட்டத்தில் பேசமுடியும். ஒரு மனிதனுக்குத் தன் பெயரைவிட மயக்கு மருந்து ஏது? அதை எதிரி அறிவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன்தான் பிழைப்பான். அதுதான் படம். அதுதான் எனக்குப் புரிந்த படம்.

நான் அதைப் பார்த்தது பாளையங்கோட்டையில், பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கையில். ஆங்கில இலக்கியம். ஆங்கிலப் படம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும்தான். விடுதிப் பெண்கள் படத்துக்குப் போகக்கூடாது. அந்த ஊரிலேயே வீடுள்ள தோழி யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட அனுமதி உண்டு. சங்கரவடிவுக்கு வீடு அங்கேதான், பக்கத்துத் தெரு. அவள் அம்மாவுக்குப் படமென்றால் தப்பில்லை. ஆகவே நான் சங்கரவடிவு வீட்டுக்குச் சாப்பிடப் போவதாக வார்டன் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, அவளோடு படத்துக்குப் போனேன். இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சங்கரவடிவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் ஒருத்தி, சுகிர்தம்.

சுகிர்தம் என் அறைத்தோழி. ஆறுமுகநேரிக்காரி. அவள் அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாதிரியார் ஒருவர் சொல்லி, சம்பளம் கட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, நெட்டையாக, சிரித்தால் ஈறு தெரிய இருப்பாள். நான் கவிதை எழுதினால் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஆனா ஒன் கவிதையில யாருமே சோறு திங்க மாட்டாங்களா?’ என்பாள். என்னைப் பிரமு என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் நான் பிரமநாயகி.

அவளும் வந்திருப்பாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவப் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குப் போகவேண்டும். வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: ‘நீ போயிட்டு வா. வந்து கதையச் சொல்லு. ஒண்ணையும் விடப்படாது, கேட்டியா? சட்டைப் பித்தான் எத்தனைன்னுகூடச் சொல்லணும்.’

இப்போது யோசித்தால் அந்த ஆவலே எனக்குச் சந்தேகமாகத்தான் படுகிறது.

அந்தக் காலத்துக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது, உங்கள் வயதுக்குத் தெரியாது. படம் பார்க்கிறவரை அவசரமாக வெளியே கூப்பிடவேண்டுமென்றால், மானேஜரிடம் சொன்னால் போதும். கரி பூசிய கண்ணாடியில் ஊசியால் கீறி எழுதி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் அடிப்பார்கள். அதற்கு ஸ்லைடு என்று பெயர். டாக்டர் இன்னார் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். இன்னாருக்கு ஆண் குழந்தை. அப்படி. படத்தை நிறுத்தமாட்டார்கள், படத்துக்கு மேலேயே வெள்ளை எழுத்து ஓடும்.

இடைவேளை முடிந்து, கார்ஸ்டனை ரயிலிலேயே பிடித்துவிட்டார்கள். ஒரு சிறிய அறை. எதிரே ஒருவன் ஆப்பிள் பழத்தைத் தோல் அறாமல் சீவிக்கொண்டே ஏதோ பேசுகிறான். நாடகம் நாடகமாக மனப்பாடம் செய்தவள்தான் நான், ஆனால் அவன் பல்லைக் கடித்துப் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. கார்ஸ்டன் முகம் திரை முழுக்க வருகிறது. அப்போதுதான் என் தலைக்குப் பின்னால் உரசல். டக்.

‘பிரமு, உடனே வெளியே வா.’

கார்ஸ்டன் நெற்றியில் ஆரம்பித்து மோவாய்வரை என் பெயர்.

கொட்டகைக்குக் கொண்டாட்டம். ‘பிரமுவா? அது ஆம்பளையாலே, பொம்பளையாலே?’ என்றான் ஒருத்தன். ‘மச்சான் பிரமு, வெளிய போலே! ஒம் பொண்டாட்டி வெளக்கமாத்தோட வந்துருக்கா!’ என்றான் இன்னொருத்தன். விசில். காலைத் தட்டுகிறார்கள். ஆப்பிள்காரன் வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை.

சங்கரவடிவு என் முழங்கையைக் கிள்ளினாள். ‘ஏளா, ஒன்னத்தாம்ளா. என்னமோ ஏதோ, போயிப் பாரு.’

‘பேசாம இரு,’ என்றேன்.

நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? சுகிர்தத்துக்கு. பிரமு என்று எழுதச் சொன்னது யார்? அவள்தான், வேறு ஆள் கிடையாது. கோயிலில் இருக்கவேண்டியவள் கொட்டகைக்கு ஏன் வந்தாள்? யாரோ அழைத்து வந்திருக்கிறார்கள். நான் எழுந்து கதவைத் திறந்தால் வெளியே யார் நிற்பார்கள்? இதைத்தானே ரயில் நிலையத்தில் பார்த்தேன், அரைமணி நேரத்துக்கு முன்னால்! நான் குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்தேன். நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே ஸ்லைடு. அப்போதும் நான் அசையவில்லை. சிரிக்கிறீர்களா? அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. நான் அவ்வளவு நன்றாக எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

படம் விட்டு வெளியே வந்தால், நான் நினைத்தது அப்படியே. வெயில் கண்ணைக் குத்துகிறது. வாசலில் வார்டன் மிஸ் தேவநேசம், குடையோடு. பக்கத்தில் என் அப்பா. தென்காசியில் வத்தல் மண்டி வைத்திருந்தார், விடுதிக் கிணற்றுக்கு மோட்டார் போட்டுக்கொடுத்தவர். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே என்னைப் பார்க்க வந்திருக்கிறார். அவர்களுக்கு நடுவில் சுகிர்தம். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோயிலுக்குக் கட்டிய சேலையிலேயே வந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ‘ஏட்டி, கூப்பிட்டா வரமாட்டியா?’

என்ன நடிப்பு, பார்த்தீர்களா!

அப்பா பிறகு வேறு கதை சொன்னார். அவர் விடுதியில் வந்து உட்கார்ந்தாராம். கோயிலிலிருந்து வந்த சுகிர்தம் அவரைப் பார்த்ததும், ‘நீங்க இருங்கய்யா, சங்கரவடிவு வீட்டுல இருக்கா, நான் ஓடிப்போயிக் கூட்டியாந்திருதேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாளாம். போனவள் வரவில்லையாம். காத்திருந்து பார்த்துவிட்டு அவரும் மிஸ்ஸும் சங்கரவடிவு வீட்டுக்கே போனார்களாம். சங்கரவடிவு அம்மா, ‘படத்துக்குல்லா போயிருக்காளுவ!’ என்று சொன்னதும் கொட்டகைக்கு வந்தார்களாம். அங்கே சுகிர்தம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று காவல்காரன் சொன்னதால், ஸ்லைடு மட்டும் போடச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாளாம்.

இதை அப்பா எனக்குச் சொன்னார், அவருக்கு அப்படிச் சொல்லும்படி சொல்லியிருப்பார்கள். காட்டிக்கொடுத்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் பெயரைச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். சங்கரவடிவு அம்மாவிடம் நானே கேட்டேன், ஆமாம் நான்தான் சொன்னேன் என்றாள். அவளிடமும் சொல்லிவைத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

அன்று பிற்பகல் வார்டன் அறையில் விசாரணை. நீண்ட மேஜை. நானும் சுகிர்தமும் இந்தப் பக்கம். மிஸ் முதலில் அவளைத்தான் கேட்டார்.

‘சங்கரவடிவு வீட்டுல இருக்கான்னு என் மூஞ்சிக்கு நேரே பொய் சொன்னியா?’

‘சொன்னேன் மிஸ்.’

‘நீயும் படத்துக்குப் போனியா?’

‘இல்ல மிஸ்.’

‘அப்போ தியேட்டர் வாசல்ல ஒனக்கு என்ன வேலை? நீதான் இவளைக் கூட்டிக்கிட்டுப் போனியா?’

சுகிர்தம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

‘என் பிள்ளைக்கு இங்கிலீஷ் படம்னா கறுப்பா செவப்பான்னு தெரியாது,’ என்றார் அப்பா. ‘கூட இருக்கதுவ சேர்க்கைதான்.’

‘பிரமநாயகி, நீ சொல்லு. இவதானா ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போனது?’

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அழுதிருப்பீர்கள், உளறியிருப்பீர்கள். நான் சுவரில் ஒரு பல்லி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். ஒரு சொல் இல்லை. எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது அவள்மேல்! இருந்தாலும் நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் என் மனசு சுத்தம்.

அவளை விடுதியிலிருந்து நீக்கினார்கள். விடுதி இல்லையென்றால் கல்லூரியும் இல்லை, ஊரிலிருந்து தினம் வந்துபோக முடியாதே. எனக்கு ஒரு மாதம் வெளியே போகத் தடை, அவ்வளவுதான். பார்த்தீர்களா, தப்பு செய்தவள் நான், எனக்கு ஒன்றுமில்லை. செய்யாதவளை அனுப்புகிறார்கள். நியாயமாகவா இருக்கிறது? நியாயமில்லாத ஒன்றைப் பெரியவர்கள் கூடிச் செய்தால் அதற்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது. படத்தின் முதல் காட்சியைச் சொன்னேன் அல்லவா? வேறு எங்கேயாவது நல்ல இடத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள். அப்படித்தான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். எந்தக் கல்லூரி என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.

தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கதவடியில் நின்றாள். நான் படிப்பதுபோல் இருந்தேன். ‘கதைய நீ இன்னும் சொல்லலியேட்டி,’ என்றாள். போனாள். போகிற சத்தம் எனக்குக் கேட்டது. பெட்டியின் கைப்பிடி ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கீச்சிட்டது.

அதற்கப்புறமும் அவள் விடவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் போன ஊருக்கெல்லாம் விலாசம் விசாரித்துத் தை பிறந்ததும் ஓலைக்கொட்டானில் சில்லுக்கருப்பட்டி அனுப்புவாள். சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டது. பிரித்தாலே வீடு மணக்கும். எதற்கு அனுப்புகிறாள்? பழி உறுத்துகிறது. இல்லாவிட்டால் என் விலாசம் மாறியதா என்று வேவு பார்க்கிறாள். இரண்டில் ஒன்று. நான் வாயில் வைத்ததே இல்லை, பால்காரருக்குக் கொடுத்துவிடுவேன். அவர் வருஷா வருஷம் தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான்.

ஒரு தடவை அவளை நேரிலேயே பிடித்துவிட்டேன். மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். பெரிய கடை. நான் அரக்கு நிறப் பட்டொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் சுங்கிடிச் சேலை மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல்.

‘பிரமு!’

உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் அப்படிக் கூப்பிடும். குரலில் வயதாகியிருந்தது, கூப்பிடுகிற விதம் ஆகவில்லை. மகள் கேட்டாள், ‘யாரும்மா, ஒன்னையா?’ என்று. ‘இல்லை’ என்றேன். பட்டை மடித்து வைத்துவிட்டு நேரே வாசலுக்கு நடந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதில் பின்னால் கடை யூனிபார்ம் சேலையில் ஒரு நெட்டையான பெண், மேஜையைச் சுற்றிக்கொண்டு வரப்பார்க்கிறாள், விரித்த சேலைகள் காலில் தடுக்குகின்றன. நான் திரும்பவில்லை. ஒரு கல்லூரியிலும் சேர்க்காமல் ஜவுளிக்கடையில் நிற்கவைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் குழப்பமாக இருந்தது. காரில் ஏறியதும் தெளிந்துவிட்டது. நான் அங்கே வருவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் அங்கே வேலை பார்க்கிறாள், நான்தான் போனேன், ஆமாம். நீங்கள் சொல்வது சரிதான். அதையும் யோசித்திருக்கிறேன். தண்ணீர் குடியுங்கள்.

இனி அந்தச் செருகலைச் சொல்கிறேன்.

உங்கள் பிரதியில், ஆப்பிள்காரன் பேசுகிறபோது கீழே எழுத்து ஓடுகிறது. முதல் தடவையாக அவன் சொல்வதை நான் படித்தேன். என்ன சொல்கிறான் தெரியுமா? ‘ரயில் நிலையத்தில் உன்னைக் கூப்பிட்டது எங்கள் ஆள் என்று நினைத்தாயா? இல்லை. விசாரணை அறையில் வேலைபார்க்கிற அந்தப் பெண் உன்னுடைய ஆள். ரயிலில் நாங்கள் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உன்னை ஏறவிடாமல் தடுக்கத்தான் வேறு வழியில்லாமல் உன் பெயரைச் சொன்னாள். சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே சொன்னாள். நீ திரும்பவில்லை. அவளை அப்போதே பிடித்துவிட்டோம்.’ அப்புறம் கார்ஸ்டன் முகம். வெகுநேரம். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து, என்ன உறுதி, மலை மாதிரி இருக்கிறானே என்று நினைத்தேன். உங்கள் பிரதியில் அதே முகம் வேறு மாதிரி இருக்கிறது. கன்னத்துச் சதை லேசாக இறங்குகிறது. அதையும் மாற்றியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் செத்தவர்களையே பேசவைக்கிறார்களாமே, கன்னத்தை இறக்குவதா பெரிய காரியம்?

இப்படி ஒரு காட்சியை வைத்தால் படமே மாறிவிடுகிறதே! திரும்பாததுதான் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நேரம் காட்டிவிட்டு, திரும்பியிருக்கவேண்டும் என்று எப்படிச் சொல்லமுடியும்? எழுதியவனுக்குப் புத்தியிருந்தால் சொல்வானா? நான் அங்கே இருந்தேன், ஷிஃபானா. அந்த அறை வந்தது, ஆப்பிள் வந்தது, முகம் வந்தது. இந்தப் பேச்சு வரவில்லை. என் காதில் விழவேயில்லை.

என்ன? ஆமாம், அந்த நேரத்தில்தான் ஸ்லைடு போட்டார்கள். சொன்னேனே. ஆமாம், விசில் அடித்தார்கள். முகத்தின்மேல் எழுத்து இருந்தது. அதனால் என்ன? அப்படிப் பார்க்காதே. ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உன் வயதில் எனக்கும் இப்படித்தான், எல்லாம் தெரிந்துவிட்டது மாதிரி ஒரு பார்வை இருந்தது.

இரு, போய்விடாதே. கொஞ்சம் அந்த ஜன்னலைத் திற. இருக்கட்டும், அவள் கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும்.

இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தது எதற்கு என்றால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத்தான். ஒலிபெருக்கியில் கூப்பிட்டவள். முகத்தைக் காட்டவே இல்லை. குரல் மட்டும்தான். நிறுத்தி நிறுத்தி அந்தக் குரலைக் கேட்டேன். எதிரியின் குரலென்றுதான் இத்தனை வருஷம் என் காதில் வைத்திருந்தேன். விசாரணை அறைக்கு வரவும் என்று சொல்லிவிட்டு, மைக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிறாள். ஓடிவந்தவள் விடுகிற மூச்சு. அந்த மூச்சு அன்றைக்கும் அங்கே இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை எல்லாம் யார் செருகப் போகிறார்கள் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனாலும் நான் நம்பமாட்டேன். பழைய பிரதி கிடைத்தால் கொண்டுவா, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பழைய பிரதியில் அது இருக்காது.

சனிக்கிழமை வருகிறேன். பனியைப் பற்றிப் பேசுகிறேன், நடையைப் பற்றிப் பேசுகிறேன், புறாவைப் பற்றி. கழுத்தைப் பற்றிப் பேசவேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று: அந்த ஆப்பிள் காட்சி வரும்போது நீ கூடத்து விளக்கைப் போட்டுவிடவேண்டும். ஏதாவது கோளாறு என்று சொல். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். அந்தக் காட்சி முடிந்ததும் அணைத்துவிடலாம். செய்வாயா?

செய்யமாட்டாய். உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

என்ன கேட்டாய்? சுகிர்தத்தையும் சனிக்கிழமை கூப்பிடலாமா என்றா?

முடியாதம்மா. தூத்துக்குடிக்கு ஆள்விட்டு விசாரித்துவிட்டேன். அவள் போன ஐப்பசியில் ஆறுமுகநேரியில் இறந்துபோனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சியின் பெண்கள் மூன்று பேரையும் அந்த ஜவுளிக்கடைச் சம்பளத்திலேயே பி.ஏ. படிக்க வைத்திருக்கிறாள்.